கல் மேலே தெரிய வேண்டும்

கல்யாணமான புதிதில் என் விரலில் இரண்டு மோதிரங்கள். கல்யாண மோதிரம் இறுக்கம், அசையாது. நிச்சயதார்த்த மோதிரத்தின் சிவப்புக் கல்லோ, எத்தனை முறை திருப்பினாலும் உள்ளங்கைப் பக்கம் ஓடிவிடும். சனியன்!

ஒரு நாள், விடிந்தால் ஈப்போ ஸ்டுடியோவில் எங்கள் முதல் புகைப்படம். விடுவேனா? பால்மரம் சீவும்போது கோப்பையிலிருந்து ஒரு சொட்டு ரப்பர் பாலை எடுத்து இரண்டு மோதிரங்களுக்கும் நடுவில் தடவினேன். காய்ந்ததும் கல் நேராக நின்றது! மறுநாள் பஸ்ஸில் விரலை நீட்டியபடியே போனேன்.

ஸ்டுடியோவில் கையைக் கன்னத்தில் வைத்துச் சிரித்தேன். விளக்குச் சூட்டில் காய்ந்த பால் நாறத் தொடங்கியது. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மோந்து பார்த்தார்.

“இங்கயும் தோட்டத்து ரப்பர் ஸ்டோர் நாத்தம் அடிக்குதுலா!”

அந்த நேரம் பார்த்துப் படக்காரர் பொத்தானை அமுக்கிவிட்டார்.

படத்தில் கல் நேராகத்தான் இருக்கிறது. அவர் மூக்குதான் கோணல்.