கரு பார்க்கிற அக்கா

மூச்சைப் பாதியில் பிடித்துக்கொள்கிறாள். நுண்ணோக்கியின் கீழே ஐந்து நாள் வயதுக் கரு. கடுகில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதன் வெளிச்சுற்றிலிருந்து நாலைந்து செல்களை மட்டும் மயிரிழைக் குழலால் உறிஞ்சி எடுக்கிறாள். "அவ்வளவுதான் கண்ணு, முடிஞ்சிருச்சு" என்று கருவைத் தேற்றிய பிறகே அடுத்த மூச்சு. செல்கள் மரபணுச் சோதனைக்குப் போகும். விடை வரும்வரை கரு உறைநிலையில் காத்திருக்கும்.

மருத்துவமனையில் அவள் 'கரு பார்க்கிற அக்கா'. பவுடர் கிடையாது, சென்ட் கிடையாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சென்ட் வாசம் வந்தால்கூட எழுந்து நின்றுகொள்வாள். "வாசம் லேப்ல இருக்கற புள்ளைங்களுக்கு ஆகாது." ஆணா பெண்ணா என்று காதோரம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "உருண்டையா இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வீட்டில் தம்பி இருக்கிறான். தசை கரையும் நோய். பள்ளி நாளிலேயே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். குரல் மட்டும் கணீர். கணினி வழியே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். அக்காவின் வேலைக்கு அவன் வைத்த பெயர் வாட்ச்மேன் உத்தியோகம். "என்னை மாதிரி ஆளுங்க உள்ள வராம வாசல்லயே மடக்குறல்ல?" அவளும் சிரிப்பாள். பிறகு போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவுவாள்.

அம்மாவழியாக மகன்களுக்கு வரும் நோய் அது. மகளும் அதைச் சுமக்கலாம், சுமக்காமலும் இருக்கலாம், ரத்தச் சோதனை சொல்லிவிடும். ஊரார் கருவையெல்லாம் பார்க்கிறவள் தன் ரத்தத்தை மட்டும் கொடுத்ததில்லை. "கல்யாணமே முடிவாகல, அதுக்குள்ள என்ன?" என்று மழுப்புவாள். அந்தச் சோதனை, 'உன்னைப்போல் இன்னொருவன் வேண்டாம்' என்று தம்பியின் முகத்துக்கு நேரே சொல்வதுபோல் அவளுக்குப் பட்டது.

இதே நோய்க்கு அண்ணனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி சிகிச்சைக்கு வந்தாள். சோதனையில் ஒரே ஒரு கருதான் தேறியது. அது கருப்பையில் தங்கிவிட்டது. அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் இருந்திருந்தா அவன்தான் முதல்ல சந்தோஷப்பட்டிருப்பான்" என்றாள்.

அன்று தம்பிக்குச் சோறு ஊட்டும்போது இதைச் சொன்னாள். அவன் நிதானமாக மென்று விழுங்கினான்.

"பட்டிருப்பான்தான். நான் இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்குக்கா. அதுக்காக, மூச்சுக்குப் போராடுற கஷ்டத்தை இன்னொரு குழந்தைக்கு எழுதி வைப்பேனா? ரெண்டும் நெசம்தான். நீ உன் ரத்தத்தைச் சோதிக்காம, ஏன் என்னைக் குறுக்க நிக்கவச்சுட்டுப் பின்னாடி ஒளிஞ்சுக்கிற?"

"நிக்கவச்சா?"

"சரி, உக்காரவச்சு."

இருவரும் சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது. தலையைத் தாங்கிப் பிடித்து, முதுகை நீவி, தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் காலை, ஆய்வகத்துக்குப் போகும் வழியில் ரத்தம் எடுக்கும் அறைக்குள் நுழைந்தாள்.

"என்னக்கா, யாருக்கு?" என்றாள் நர்ஸ்.

"எனக்குத்தான்."

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, கையை நீட்டினாள். ஊசி உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.