மாடி ப்ரோக்கோலியும் அப்பாவின் ரத்தமும்

நடந்தவை இவை:

1. அப்பாவின் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை.
2. "கீரையைத் திடீரென்று கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்" என்றார் டாக்டர். பயத்தில் நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம்.
3. கீரைக்குப் பதிலாக மொட்டை மாடியில் ஆறு பைகளில் ப்ரோக்கோலி நட்டேன்.
4. நடுப்பூவை வெட்டிய பின்பும் பக்கக் கிளைகளில் சின்னப் பூக்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்று வாரமாக அப்பாவுக்குத் தினமும் ஒரு கிண்ணம்.
5. பரிசோதனையில் 1.4 வந்தது. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும், இரண்டரைக்குக் கீழே போகக் கூடாத எண் அது.

நாங்கள் கர்நாடகத்து ராமாபுரத்துத் தமிழர்கள், இப்போது இருப்பது மைசூரில். எங்களுக்குக் கீரை என்றால் கட்டிலிருந்து ஆய்ந்தெடுக்கும் இலை. ப்ரோக்கோலியோ பூ; மைசூர் மார்க்கெட்டிலும் அதைக் காலிஃபிளவர் பக்கத்தில்தான் அடுக்குகிறார்கள். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. உரம் வைத்த நாள், புழு பொறுக்கிய நாள் எல்லாம் அட்டவணையில் குறித்தேன். அப்பாவின் மாத்திரைக்கு அதில் இடமில்லை.

அம்மா தேங்காய் போட்டுப் பொரியல் செய்வாள்.

"இன்னும் பத்து நாள் போனா நானே பச்சையாயிருவேன். அப்புறம் என்னையும் பையில நட்டுருவா உம்புள்ள" என்பார் அப்பா.

"ஏனுங்க, பேசாம தின்னுங்க. புள்ள வெயில்ல நின்னு வளத்தது."

அறிக்கை வந்த காலை டாக்டரே போனில் அழைத்தார். "புதிதாக என்ன சாப்பிடுகிறார்?" என்று கன்னடத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, கீரையைத் தொடுவதே இல்லை என்றேன். வேறு பச்சைக் காய் ஏதாவது? அடுப்பில் வாணலி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ப்ரோக்கோலி என்றேன். கீரையில் இருக்கும் வைட்டமின் கே-தான் அதிலும் இருக்கிறது, மாத்திரையின் வேலையைக் கெடுத்திருக்கிறது என்றார். ரத்தக் கட்டி உருவானால் மூளைக்குப் போகலாம். வாய் கோணினால், பேச்சு குழறினால் உடனே அழைத்து வரவேண்டும்.

அன்றிலிருந்து இரண்டு மணிக்கொருமுறை அப்பாவைச் சிரிக்கச் சொல்கிறேன், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்கிறேன்.

"என்ன கண்ணு, என்னை நாடகத்துல சேத்துவிடப் போறியா?"

சிரிப்பு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை அவர் கையிலிருந்து காபி டம்ளர் விழுந்தது. நானும் அம்மாவும் ஓடினோம். "சூடு, வேறொண்ணுமில்ல" என்றார். நம்பாமல் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட வைத்தேன். அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

இன்று ஐந்தாம் நாள். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அது வேலை செய்யும்வரை ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் தினமும் இரண்டு ஊசி, நான்தான் போடுகிறேன். நேற்று 1.9. வெள்ளிக்கிழமை மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். ஆபத்து நீங்கிவிட்டதாக டாக்டர் இன்னும் சொல்லவில்லை.