வெறும் சீட்டு

ஆண்டவரைக் கேட்காமல் அப்பா செருப்புகூட வாங்கமாட்டார் என்று தாராவியில் எங்களைத் தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் அது உண்மை. திருநெல்வேலிப் பக்கமிருந்து எங்களை ஒரே நாளில் முடிவெடுத்துப் பம்பாய்க்குக் கூட்டி வந்தவரும் அதே அப்பாதான். அப்போது ஜெபம் எதுவும் செய்யவில்லை. முதல் மழைக்காலத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு அவர் தன் மனதை நம்பியதே இல்லை.

எந்தக் காரியமானாலும் சீட்டுதான். தோல் கிடங்கிலிருந்து வந்து குளித்துவிட்டு மூன்று துண்டுத் தாளை எடுப்பார். ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை'. மூன்றாவது வெறும் தாள், காத்திரு என்று அர்த்தம். மடித்து வேதத்தின் மேல் போட்டு எல்லாரும் முழங்கால்படியிடுவோம். ஜெபம் முடிந்ததும் வீட்டில் இளையவள்தான் எடுக்க வேண்டும். அது நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. செம்பூரில் லேத் வேலை பார்ப்பவர், எங்கள் கோயிலில் பாட்டுக்குழுவில் பாடுபவர். அக்காவும் அதே குழுதான். அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் பாட்டுப் பயிற்சி இருக்கும் நாட்களில் அவள் தலை சீவுகிற அழகைப் பார்த்தாலே தெரியும். அவருடைய அம்மாவே நேரில் வந்து கேட்டார். அன்று சாயங்காலம் நான் எடுத்தது வெறும் சீட்டு.

"ஆண்டவர் 'பொறு'ங்காரு" என்றார் அப்பா.

வெறும் சீட்டு வந்துவிட்டால் அடுத்த புது வருஷ ஆராதனை முடியும்வரை அதே காரியத்தை மறுபடி கேட்கக் கூடாது. இது எந்தப் போதகரும் சொல்லாத, அப்பாவே போட்டுக்கொண்ட சட்டம். அந்த அம்மா இரண்டு தரம் வந்து கேட்டுப் பார்த்தார். பிறகு வரவில்லை. மகனுக்கு ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் அக்கா பாட்டுக்குழுவோடு நின்று கடைசிவரை பாடினாள். நான்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டேன். எடுத்தது என் கை அல்லவா?

அப்புறம் அவளுக்கு உருப்படியாக ஒரு வரனும் அமையவில்லை. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் தையல் வேலைக்குப் போனாள்.

சில வருஷம் கழித்து என் முறை வந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயை அடுத்த கல்யாணில் ரயில்வே வேலை. நானே என் சீட்டை எடுக்கக் கூடாது என்று அப்பா அக்காவை எடுக்கச் சொன்னார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் எடுக்க மாட்டேம்ப்பா. மொதல்ல அவகிட்ட கேளுங்க. ஆண்டவர் அவ மனசுல பேச மாட்டாரா?"

அப்பா தாள்களை ஒதுக்கி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, ஒனக்கு இதுல இஷ்டந்தானா? சொல்லு" என்றார்.

அந்த வீட்டில் ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இஷ்டமா, இல்லையா என்று உள்ளே தேடினேன். ஒன்றுமே கிடைக்கவில்லை. பயம்தான் இருந்தது. நானாக ஒன்றைச் சொல்லி அது தப்பாகப் போய்விட்டால், காலத்துக்கும் அதை யார் தலையில் போடுவது?

"சீட்டே போட்டுருங்கப்பா" என்றேன்.

அக்கா கட்டியிருந்த கையைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். 'ஆம்' என்று வந்தது. அப்பா சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தனக்காக அவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை.