சுறா எண்ணெய் வீடு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தேன். ஜப்பானில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் பழுதுபார்ப்புக்காகப் பதினோரு நாள் கட்டிக் கிடந்தோம். கூட வேலை பார்த்தவர்கள் டிரான்சிஸ்டர், கேமரா என்று வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நான் அங்கே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் கப்பலுக்கு ஏஜெண்டாக இருந்த ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். இங்கிலீஷை எண்ணி எண்ணிப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு தங்கள் ஊரின் பெருமையைக் காட்டப் போனார். கோயிலோ கோட்டையோ என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு மாடி வைத்த பலகை வீட்டின் முன்னால். வெள்ளைப் பெயிண்ட் அடித்த சுவர், நீலத்தில் ஜன்னல், முன்னால் ஒரு வராந்தா. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார வியாபாரி கட்டிவிட்டுப் போனதாம். டிக்கெட் வாங்கி, பூட்ஸைக் கழற்றி, அவர்கள் தந்த துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். ஒரு பழைய நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. வந்தவர்கள் திருப்பலிக்கு வந்தவர்கள் மாதிரி சத்தமில்லாமல் நடந்தார்கள்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்றால் அது தூத்துக்குடியில் இருக்கும் எங்கள் வீடு. இடது பக்கம் அதே மரப்படி, அதே சாய்வுச் சட்டம் வைத்த ஜன்னல். எங்கள் வீட்டையும் பஞ்சு வியாபாரம் பார்த்த ஒரு வெள்ளைக்காரன்தான் கட்டினான். அவன் ஊரைப் பார்க்கப் போகும்போது என் தாத்தா வாங்கிப் போட்டார். வித்தியாசம் என்று பார்த்தால், அங்கே கயிறு கட்டிய நாற்காலி. எங்கள் வராந்தாவில் அம்மா காயப்போட்ட கருவாடு.

இன்னொரு வித்தியாசம் நாற்றம். அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்புக்கும் கொச்சிக்கும் சரக்குத் தோணியை ஓட்டிக்கொண்டு போய் வந்தவர், வீட்டையும் இன்னொரு தோணியாகவே நினைத்தார். ஆடிக் காற்றில் தோணிகளைக் கரையேற்றியதும், சுறா எண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சி அடிப்பலகைக்குப் பூசுவார்கள். அதில் இரண்டு டின் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்பாவே ஏணியில் ஏறி, பலகைச் சுவர் முழுக்கப் பூசுவார். சுவர் கருகருவென்று பளபளக்கும். வெயில் ஏறினால் தெருமுனை வரைக்கும் வாடை அடிக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. சம்பாதிக்க ஆரம்பித்த நாளிலிருந்து, இதை இடித்துவிட்டு மில்லர்புரம் பக்கம் எழும்புகிற மாதிரி கான்கிரீட்டில் கட்டலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வீடு ஒழுகுதா, இல்லைல்லா என்பதோடு அப்பா பேச்சை முடித்துவிடுவார்.

இது மாதிரி உங்கள் ஊரில் உண்டா என்று குமாஸ்தா கேட்டார். உண்டு என்றேன். யார் பராமரிக்கிறார்கள் என்றார். என் அப்பா, சுறா எண்ணெயால் என்பதுதான் உண்மை. துணிச் செருப்பு மாட்டிக்கொண்டு அந்த மெழுகுத் தரையில் நிற்கும்போது அது வாயில் வரவில்லை. இதைப் போலவே வெள்ளையும் நீலமுமாகப் பாதுகாத்து வருகிறோம், ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று சொன்னேன். அவர் நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல் மரியாதை.

இரண்டு வருஷம் கழித்து, நான் லீவில் வந்திருந்தபோது அவரிடமிருந்து கடிதம் வந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்துவிட்டதால் ஆபீஸ் வேலையாக வருகிறாராம். ஒரு நாள் ஓய்வு இருக்கிறதாம். அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமாம். மூன்று வாரம் அவகாசம் இருந்தது.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். அவருடைய நியாயம் தோணிக்காரன் நியாயம். அடுத்த துறையில் போய் ஒரு வார்த்தை சொன்னால் அதைக் காப்பாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மறுதடவை போகும்போது கரையில் கயிறு பிடிக்க ஒருத்தன் வரமாட்டான். மகன் சொன்னது பொய்தான் என்றாலும் அயல் துறையில் சொன்ன வார்த்தை. அதற்காக ஒத்துக்கொண்டார். ஒன்று மட்டும் சொன்னார்.

"ஏலே, எண்ணெயக் கழுவிட்டா பலகை அம்மணமால்லா நிக்கும். கரையான் பாத்துக்கிட்டே இருக்கு."

நான் கப்பல் பெயிண்டைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். இரும்புக்கு அடிக்கிறதை மரத்துக்குச் சொல்லுதான் என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். வந்தவர் போனதும் பெயிண்டைச் சுரண்டி மறுபடி எண்ணெய் பூசித் தரவேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால். இனி ஏணியில் ஏற அவருக்கு முட்டி ஒத்துழைக்காது. சரி என்றேன். அந்தக் குமாஸ்தாவிடம் பொய் சொன்னபோதுகூட அவ்வளவு சுலபமாக வாய் திறக்கவில்லை.

சோடாக்காரம் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து ஐந்து நாள் கழுவினோம். வாய்க்காலில் ஓடியது நாற்பது வருஷத்து எண்ணெய். பிறகு வெள்ளை, பிறகு நீலம். அப்பாவின் சாய்வு நாற்காலியைச் சுற்றி நைலான் கயிறு கட்டினேன். அப்போ மனுசர் எங்கன உக்காரணும் என்று அம்மா கேட்டாள். கருவாட்டைப் பக்கத்து வீட்டு மாடிக்கு அனுப்பினேன்.

குமாஸ்தா வந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். புறங்கையால் பலகையைத் தொட்டுத் தொட்டு மாடி முழுக்கப் பார்த்தார். தங்கள் ஊர் வீட்டில் கரையான் விழுந்து மாடியை மூடிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இது எப்படி நிலைத்தது என்று சின்ன நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். அப்பாவிடம் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"நீயே சொல்லுலே" என்றார் அப்பா.

நல்ல பெயிண்ட், தவறாமல் அடிக்கிறோம் என்று சொன்னேன். குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டார். என்ன எழுதுதார் என்று அப்பா கேட்டதற்கு வீட்டைப் புகழுகிறார் என்றேன். அப்பாவைக் கயிற்றுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது வீட்டுக்கு ஒரு தடவை, அப்பாவுக்கு ஒரு தடவை குனிந்தார்.

மறுநாளே எனக்குக் கப்பலுக்கு வரச்சொல்லித் தந்தி வந்தது. சுரண்டுகிற வேலை அடுத்த லீவுக்குப் போனது. அடுத்த லீவில் வந்து பார்த்தால், தெருவே எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. கல்யாணம் முடிந்த ஜோடிகள் எங்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்தார்கள். வாடை கிடையாது. வாழ்க்கையில் முதல்முறையாக, கூட வேலை பார்க்கிற ஒருவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். அதைப் போய்ச் சுரண்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அப்பா ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். லீவு முடியும்வரை அது அங்கேயே நின்றது. நான் அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்தேன்.

அதற்கடுத்த தடவை வந்தபோது, மாடிப்படியில் நான்காம் படி என் காலை உள்ளே வாங்கிக்கொண்டது. பெயிண்ட் அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் மரம் இல்லை. சுவரை விரலால் குத்தினால் மண்ணாக உதிர்ந்தது. தூண்கள் தேக்கு என்பதால் அவை மட்டும் மிஞ்சின.

நான் ஆசைப்பட்ட கான்கிரீட் வீடு வந்தது. முன்னறையில் அப்பாவின் நாற்காலியைப் போட்டோம். உப்புக் காற்றில் ஒரே வருஷத்தில் பூச்சு பொரிந்து அவர் தோளில் விழ ஆரம்பித்தது. அவர் தட்டிவிட்டுக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் குமாஸ்தாவின் கடிதம் வந்தது. எங்கள் வீட்டுப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர்கள் ஊர் வீட்டின் கீழ்க் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம். இந்தியாவில் அருமையாகப் பாதுகாக்கப்படும் வீடு என்று கீழே எழுதியிருக்கிறார்களாம். நான் சொன்னபடி நல்ல பெயிண்ட்தான் அடிக்கிறார்களாம், ஆனாலும் கரையான் நிற்கவில்லையாம். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் தோளில் விழுந்திருந்த பூச்சைத் தட்டிவிட்டார்.

"அங்கன நிக்கதுக்காவது எண்ணெய் போடச் சொல்லி எழுதுலே."

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு குங்கிலியம், எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், எந்தக் காற்றில் பூச வேண்டும் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கள் வீடு இப்போது இல்லை, எண்ணெயைக் கழுவியதால் போய்விட்டது என்றும் எழுதினேன். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். கடைசி வரை கேட்டார்.

"கழுவுனது யாருன்னு எழுதுனியாலே?"

எழுதவில்லை. மூடிய பேனாவை மறுபடி திறந்தேன்.