கலக்காதே, சம்பூர்ணம்

பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த கலியனின் மகள் சம்பூர்ணம். சாயத்தொட்டியைக் கலக்கும் கழி எட்டு வயதிலேயே அவள் கைக்கு வந்துவிட்டது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காபியைக்கூட அவள் ஆற்ற மாட்டாள், கலக்குவாள்.

1971இல் சென்னைப் பொறியியல் கல்லூரி ஒன்று, நீரோட்ட ஆய்வில் பிஎச்.டி. செய்ய ஒரே ஓர் இடம் இருப்பதாக விளம்பரம் கொடுத்தது. நேர்முகத் தேர்வுக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். சம்பூர்ணத்துக்குத் துணையாகக் கலியன், கையில் குடையோடு.

சம்பூர்ணத்தின் முறை வந்ததும் பேராசிரியர் திருஞானசம்பந்தம் ஒரு நீளமான கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். காலையிலிருந்து அசையாமல் அடங்கவிட்ட தண்ணீர். மறுகோடிக் குழாயை லேசாகத் திறந்து, ஊசிமுனை வழியாகச் சிவப்புச் சாயத்தை விட்டார். சாயம் நூல் பிடித்தாற்போல நேராகப் போயிற்று.

"இது ஏன் கலக்காமல் போகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

விடை தெரியும். ஆங்கிலம்தான் வரவில்லை. கண்ணெதிரே சாயம் வேறு கலக்காமல் கிடக்கிறது! பட்டறையில் அப்படி விட்டால் பட்டு நூலில் திட்டுத் திட்டாக ஏறும். மேஜைமேல் கிடந்த ஸ்கேலைச் சம்பூர்ணம் எடுத்தாள். நாலே சுற்று. தொட்டி முழுக்க ரோஜா நிறம்.

"என்னம்மா பண்ணிட்டீங்க?"

"திட்டு விழும் சார்..."

தண்ணீரை மாற்றி அடங்கவிட இரண்டு மணி நேரமாகும். "கடைசியா வாங்க" என்றார்.

இரண்டாம் முறை சம்பூர்ணம் கைகளைப் பின்னால் வைத்து முந்தானையால் சுற்றிக்கொண்டாள். அதே சாயம், அதே கேள்வி. வாயைத் திறக்கும்போது வெளியே காத்திருந்த கலியன் உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, நாலு மணி பஸ்ஸு போயிடும்..." கண் தொட்டியில் விழுந்தது. "ஐயையோ, சாயம் தனியா போய்க்கினு இருக்குது, நீ பாத்துக்கினு நிக்கிறியே!"

குடைக்காம்பு தண்ணீரில் இறங்கிவிட்டது.

"நைனா, குடைய எடு! தண்ணி மெதுவா போகுது, ஒரு அடுக்கு இன்னொரு அடுக்குமேல வழுக்கிக்கினு போகுது, அதான் சாயம் கலக்கல. குழாய பெருசா தெறந்து வேகத்த ஏத்து, அதுவே சுழிச்சுக் கலந்துக்கும். எந்த வேகத்துல கலக்கும்னுதான் இங்க பாக்கறாங்க. கழியே வேணாம்!"

"கழி வேணாமா? அப்ப நான் இன்னா பண்றது?"

பேராசிரியர் தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. இடம் சம்பூர்ணத்துக்கு. கையெழுத்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி: தந்தையாரும் குடையும் ஆய்வுக்கூடத்துக்குள் வரக் கூடாது.

கலியனுக்கு அதைப் படித்துக் காட்டினாள்.

"என்னைய வேணாம்னு சொல்லட்டும், சரி. குடை இன்னாம்மா தப்பு பண்ணுச்சு?"