ஒரே கேள்வித்தாளும் எங்கள் வீட்டு ஐந்து பாயும்

பரீட்சை எழுத வருகிற பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற தொழிலில், குழம்பில் உப்புக் குறைந்தாலும் பேப்பரில் மார்க் குறைந்தாலும் பழி வந்து விழுவது அடுப்படியில்தான். வீட்டில் பரீட்சைக்குப் பிள்ளை வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். நீங்கள் ஒரு பிள்ளையோடு பட்டதை நான் வருஷா வருஷம் ஐந்து பிள்ளைகளோடு பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. ஆனி, ஆடியில் அருவிக்கு வருகிறவர்களுக்கு மாடி அறையை விடுவோம். பங்குனியில் அருவி வற்றிப் பாறை தெரியும், அறையும் சும்மா கிடக்கும். அப்போதெல்லாம் சுற்றுப்பட்டுப் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதத் தென்காசிக்குத்தான் வரவேண்டும். பெண்பிள்ளைகளை எங்கே தங்கவைப்பது என்று தகப்பன்மார் தவித்ததைப் பார்த்து அந்த அறையில் ஐந்து பாய் விரித்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் பிள்ளைகள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது தேசம் முழுவதற்கும் ஒரே பரீட்சை வைக்கலாமா என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது, செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த புதிதில் வந்து தங்கிய பார்வதிதான் ஞாபகத்துக்கு வருகிறாள். செங்கோட்டை டீக்கடைக்காரர் மகள். ஒன்பது வருஷம் திருவிதாங்கூர்ப் பாடம் படித்துவிட்டு, கடைசியில் சென்னைப் பரீட்சை எழுத வந்தவள். பின்னால் இரண்டு தங்கைகள். “இவ பாஸானாத்தான் மத்தவளுகளுக்கும் மேல்படிப்பு. இல்லேன்னா மூணு பேரும் வீட்டோட இருக்கட்டும்” என்று சொல்லித்தான் அவள் அப்பா கொண்டுவந்து விட்டார்.

திருநீறு

பரீட்சை நாளில் பிள்ளைகளைச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி நெற்றியில் திருநீறு பூசித்தான் அனுப்புவேன். பார்வதிக்குப் பூசும்போது மட்டும் கை கொஞ்சம் நிற்கும். அவளோடு சேர்த்து அவள் தங்கைகள் இரண்டு பேருக்கும் வேண்டிக்கொள்ள வேண்டியிருந்ததே.

அந்த வருஷம் அவளோடு தங்கிய வீரகேரளம்புதூர் சண்முகவடிவு அப்படியில்லை, வாய்க்காரி. தமிழ்ப் பரீட்சையன்று சும்மா வாங்கிக்கொண்டு போனாள். கணக்குப் பரீட்சையன்று ஒரு தடவை பூசியும் நகரவில்லை. என்னட்டி என்றேன். “இன்னுங் கொஞ்சம் பட்டையாப் போடுங்க அத்தை. தமிழுக்கு அம்புட்டுப் போதும், கணக்குக்கு இது காணாது.”

அக்பர்

அதே வருஷம் வந்த இன்னொருத்தி, சிவகிரிப் பட்டாளத்து ஹவில்தார் மகள் ராஜம். அப்பாவுக்கு எங்கே மாற்றலோ அங்கே இவளுக்குப் பள்ளிக்கூடம். எந்த ஊருக்குப் போனாலும் சரியாக அக்பர் பாடம் ஆரம்பிக்கும்போதுதான் போய்ச் சேர்வாளாம். மூன்று ஊரில் மூன்று தடவை அக்பரைப் படித்திருந்தாள். சோழர் பாடம் ஓரிடத்தில் முந்தின மாதமே முடிந்திருந்தது, மற்ற இடங்களில் கிடையவே கிடையாது.

சரித்திரப் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் பார்வதி அவளை உட்காரவைத்துச் சோழர்களைச் சொல்லிக்கொடுத்தாள். தானே புதுப்பாடத்தில் தடுமாறுகிறவள், இன்னொருத்திக்கு வாத்திச்சியாக இருந்தாள். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். ராஜம் தலையைத் தூக்காமல் சொன்னாள்: “இருங்க அத்தை. ராஜராஜனை இன்னிக்குத்தான் எனக்குப் பழக்கம். சாயங்காலத்துக்குள்ள அவரு பிள்ளைகுட்டி எல்லாரையும் தெரிஞ்சாகணும்.”

மழை

பூகோளப் பரீட்சை முடிந்து வந்தவர்கள் புறவாசல் படியில் உட்கார்ந்து பதிலை ஒத்துப் பார்த்தார்கள். நம் ராஜ்யத்துக்கு மழை அதிகம் தருவது எந்தப் பருவக்காற்று, எந்த மாதங்களில் என்று ஒரு கேள்வி. பார்வதி, தென்மேற்குக் காற்று, ஆனி ஆடி என்று எழுதியிருந்தாள். “வடகிழக்குல்லா? ஐப்பசி, கார்த்திகைல்லா?” என்றாள் வடிவு. இரண்டு பேர் ஊருக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம்தான். வடிவு ஊரில் ஐப்பசியில் கொட்டும், பார்வதி ஊரில் ஆனியில் கொட்டும். திருவிதாங்கூர்ப் புத்தகத்திலும் பார்வதி இத்தனை வருஷம் படித்தது இடவப்பாதி என்கிற அந்தத் தென்மேற்கு மழையைத்தான். ஆனால் சென்னைப் புத்தகத்தில் இருந்தது வடிவு சொன்ன பதில்.

அன்று ராத்திரி பார்வதி தட்டில் சோறு அப்படியே இருந்தது. “உங்க ஊர்ல பெய்யுத மழையைத்தானே எழுதின, அது பொய்யா?” என்று தேற்றினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பொய்யில்லை அத்தை. ஆனா மார்க் போடுதவரு எங்க ஊர்ல ஒரு நாளாவது நனைஞ்சிருக்கணுமே.”

தகப்பன்மார் வழக்கு

கடைசி நாள் அழைத்துப்போக வந்த ஹவில்தாரையும் டீக்கடைக்காரரையும் சாப்பிட உட்காரவைத்தேன். ரசம் வருவதற்குள் வழக்கு வந்துவிட்டது.

“தேசம் பூரா ஒரே பாடம், ஒரே பரீட்சைன்னு வச்சிரணும்” என்றார் ஹவில்தார். “பட்டாளத்துல பஞ்சாபியும் நம்மாளும் ஒரே துப்பாக்கிதான் சுடுதான்.”

“துப்பாக்கிக்கு எந்த மாசம் மழைன்னு தெரிய வேண்டாம் அண்ணாச்சி” என்றார் டீக்கடைக்காரர். “எல்லைக்கல்லை அங்கன கொஞ்சம் தள்ளி வச்சதுக்கே எம்மக படிச்சதுல பாதியை மறக்க வேண்டியதாப் போச்சு. இனி டெல்லியில இருந்து கேள்வி கேட்டா எங்க ஊரு மழையை எவன் ஒத்துக்கிடுவான்?”

“மொதல்லேயே எல்லாருக்கும் ஒரே பாடமா இருந்திருந்தா உங்க மகளுக்கு இந்தப் பாடு வந்திருக்குமா?”

டீக்கடைக்காரர் ரசத்தைக் குடித்தார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் சொல்லுவதும் சரிதான், அவர் சொல்லுவதும் சரிதான் என்றேன். ஹவில்தார் சிரித்துவிட்டார். “பரீட்சையில இப்படி எழுதினா முட்டைதான் போடுவாங்க அக்கா.”

நம்பர்

முடிவு பேப்பரில் வந்த அன்று உலகம்மன் சந்நிதிக்குப் போய்விட்டுத்தான் பேப்பர் கடைக்குப் போனேன். ஐந்து பேர் நம்பரும் சாமி புத்தகத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். கடைக்காரர் விரலை வைத்துத் தேடினார். ராஜம் இருந்தாள், வடிவு இருந்தாள், மற்ற இரண்டு பேரும் இருந்தார்கள். அதோடு பத்தி முடிந்துவிட்டது. “பார்வதி நம்பரு எங்கே?” என்றேன். “பதறாதீங்கக்கா, மிச்சம் மேல இருக்கு” என்று அவர் அடுத்த பத்தியின் தலையில் விரலை வைத்தார். அங்கே பார்வதி இருந்தாள். மழைக்கு மார்க் கொடுத்தார்களா, கொடுக்காமலே தேறினாளா, இன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள் சாரலில் நனைந்துகொண்டு டீக்கடைக்காரர் வந்தார். தலையில் பலாப்பழம், கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மகள். பழத்தை இறக்கிவைத்துவிட்டுப் பெண்ணை முன்னால் நிறுத்தினார். “இவளுக்கு இன்னும் மூணு வருஷம் கெடக்குக்கா. அதுக்குள்ள ராஜ்யத்தை எப்படி மாத்துவாங்களோ, பாடத்தை எப்படி மாத்துவாங்களோ தெரியாது, நீங்க ஒரு பாயை மட்டும் இவ பேருக்கு ஒதுக்கி வச்சிருங்க.”

பெரியவர்கள் கூடி ஒரே பரீட்சை என்று முடிவெடுத்தாலும் ஒன்பது பரீட்சை என்று முடிவெடுத்தாலும், கேள்வித்தாளைப் பிரிக்கிற நேரத்தில் பிள்ளைகள் வயிறு காலியாக இருக்கக்கூடாது என்பதைத் தவிர எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது.