ஆறாவது கரண்டி

ஆலகால நஞ்சை ஏற்று, அது உள்ளே இறங்காமலும் வெளியே சிந்தாமலும் மிடற்றிலேயே நிறுத்திக்கொண்ட நீலகண்டப் பெருமானே, நின் திருவடி போற்றி. அந்த மிடற்றைத் தன் கரத்தால் பற்றி நின்ற உமையம்மையே, நின் கரம் போற்றி. ஒரு தொண்டையைப் பற்றி எழுதப் புகுந்தவன் வேறு யாரை முதலில் நினைப்பான்?

இன்று தைப்பூசம். பூச நட்சத்திரமும் முழுநிலவும் கூடும் நன்னாள். கோயிலில் காவடி புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. தேயிலைச் செடிகளின் மேல் பனி கலையவில்லை. என் மனைவி ஐந்து கரண்டி சாயத்தண்ணி குடித்தது இதே நாளில்தான். அதனால் இன்று எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வாழ்வு கழிந்தது. அவள் கொழுந்து பறித்தாள். நான் ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலையில், இலையை வாட்டும் மாடியில் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்து முருகன் கோயிலில் பழம் பதிகங்களைப் பாடுவது எனக்கு வாய்த்த தொண்டு. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆயினும் பாடும்போது எனக்கு ஒரு சொல் மறந்துவிட்டால், பெண்கள் வரிசையிலிருந்து அச்சொல்லை எடுத்துக் கொடுப்பது அவள் குரலாகவே இருக்கும்.

பால் கலக்காமல், செக்கச் சிவக்க இறக்கிய தேநீரை எங்கள் லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், சாயத்தண்ணி என்போம். மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்ததும் அவள் கூடையைக்கூட ஒழுங்காக வைக்கமாட்டாள். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. வலது கையில் செம்பு. சீனியை ஒரு நக்கு நக்கி, தலையை அண்ணாந்து, உதடு படாமல் செம்பை உயர்த்தி ஊற்றிக்கொள்வாள். தொண்டை ஏறி இறங்கும் ஓசை வாசல் வரை கேட்கும். அந்த ஓசையைக் கேட்டால்தான் அன்றைய பொழுது எனக்கு முடிந்ததாகத் தோன்றும்.

தொண்ணூறுகளின் இறுதியில், நாங்கள் இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், ஒரு காலையில் அவளுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சில மாதங்களில் கால் ஓரளவு தேறியது. பேச்சும் மெல்ல மெல்ல வந்தது. தொண்டை மட்டும் வரவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் புரையேறும். லயத்தில் வந்தவர் போனவர் எல்லாரும், "யாரோ நெனைக்கிறாங்க" என்று அவள் உச்சியைத் தட்டினார்கள்.

"இத்தன பேரு நெனைக்கிற அளவுக்கு நான் என்ன தலைவரா?" என்றாள் அவள், கண்ணில் நீர் வழிய.

எங்களோடு இருந்த மகள்தான் பிடிவாதமாக அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள். அங்கே பேச்சுப் பயிற்சி தரும் சிங்கள அம்மையார் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை மிஸ் என்றே அழைத்தார்கள். பேச்சைத்தான் பார்ப்பார் என்று எண்ணினோம், அவர் முதலில் பார்த்தது விழுங்குவதைத்தான். ஒரு சிறு கரண்டித் தண்ணீரைக் கொடுத்து, அவள் கழுத்தில் விரல் வைத்து, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"மிஸ், சாயத்தண்ணி எப்ப குடிக்கலாம்?" என்று என் மனைவி கேட்டாள். வேறொன்றும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"இப்ப வேணாம் அம்மா. தண்ணி வேகமா ஓடுது. அம்மாட தொண்ட மெல்ல மூடுது. அப்ப தண்ணி நெஞ்சுக்குள்ள போகும்."

"அப்ப தொண்டையையும் வேகமா ஓடச் சொல்லுங்க."

மிஸ் சிரித்துவிட்டார். பிறகு எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். நேராக உட்கார வைக்க வேண்டும். நீர் போன்ற எதையும் அரோரூட் மாக் கஞ்சி கலந்து, கரண்டியைச் சாய்த்தால் தேன் போல இறங்கும் பதத்தில் கொடுக்க வேண்டும். விழுங்கும்போது தாடை நெஞ்சை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். வாயில் வைத்த கரண்டியைத் திரும்பக் கோப்பைக்குள் விடக்கூடாது. எச்சில் பட்டால் கஞ்சி நீர்த்துப் போகும். விழுங்கியதும் 'ஆ' என்று சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். குரல் நனைந்து களகளத்தால், போனது தவறான வழி.

எச்சிலைப் பற்றிய விதி எனக்கு மிகவும் பிடித்தது. என் ஆசாரத்தோடு அது ஒத்துப்போயிற்று. 'ஆ' என்பதற்குப் பதிலாக 'சிவ' என்று சொல்லச் சொன்னேன். மிஸ் அதற்கும் சம்மதித்தார். இவ்வாறு எனக்கு உவப்பானவற்றை முழுமையாகக் கடைப்பிடித்து, நான் நல்ல மாணவன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத்தான் அந்தக் கஞ்சித் தேநீர் ஆகவில்லை. "நல்ல பசைங்க இது. சங்கத்து ஆளுக நோட்டீசு ஒட்டக் கேட்டாங்கன்னா குடுத்துருங்க" என்பாள். ஆனாலும் குடித்தாள். கரண்டி கரண்டியாக, தலை குனிந்து. ஸ்டோரில் இலை வறுபடும் மணம் காற்றில் வரும் வேளைகளில் மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. அபிஷேகம் முடிந்து, தீர்த்தத்தைச் செம்பில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நோயுற்ற நாள் முதல் அவள் கோயிலுக்கு வரவில்லை, தீர்த்தமும் பெறவில்லை. மகள் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். தீர்த்தத்தில் மாவைக் கரைப்பதா? இறைவன் திருமேனி தொட்ட நீரைப் பசையாக்குவதா? உலகத்துத் தண்ணீருக்குச் சொன்ன விதி இதற்குப் பொருந்தாது என்று என் மனம் தீர்ப்பெழுதியது.

"அண்ணாந்துக்க" என்றேன்.

அவள் என்னை ஐயத்தோடு பார்த்தாள். "மிஸ் கீழ பாக்கச் சொன்னாங்களே?"

"இது தீர்த்தம்."

நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி வாழ்ந்தவள் அவள். தலையை அண்ணாந்தாள். என் உள்ளங்கையிலிருந்து மூன்று முறை வார்த்தேன். இருமல் இல்லை. புரையேறவில்லை. எனக்கு மெய் சிலிர்த்தது. "சிவ சொல்லு" என்றேன். சொன்னாள். குரல் நனைந்து, தளும்பி, உடைந்து வந்தது.

அந்தக் குரலை நான் எப்படிக் கேட்டேன் என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மறைக்காமல் எழுத வேண்டும். அன்பு மேலிட்டால் அடியாரின் நா தழுதழுக்கும், கண்டம் அடைக்கும் என்று ஆயிரம் முறை பாடியவன் நான். அவளுக்கு அந்த நிலை வாய்த்தது என்று எண்ணினேன். அவள் காலடியில் அமர்ந்து நானும் அழுதேன். தவறான வழியில் போன நீரின் ஓசை அது என்று மிஸ் தெளிவாகச் சொல்லியிருந்ததே, அது என் செவியில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல். நெஞ்சு கரகரத்தது. தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "தண்ணி ஏதும் குடுத்தீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். முகத்தில் மூச்சுக்கு வைத்த குழாயோடு படுத்திருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளால் என்னைக் காட்டிக் கொடுக்க முடியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றும், இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் மூக்கு வழியே குழாய் இட்டு அதன் வழியாகவே உணவு தர நேரும் என்றும் டொக்டர் சொன்னதை மிஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னார். அன்றே, வார்டுக்கு வெளியே, அவரைத் தனியே நிறுத்தினேன்.

"மிஸ், நான்தான் குடுத்தேன். கோயில் தீர்த்தம்."

"எத்தின தரம்?"

"மூணு."

"தல மேலயா, கீழயா?"

"மேல."

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவரோ அருகிலிருந்த வாங்குப் பலகையில் அமர்ந்தார். "ஐயா, எங்கட பன்சலைல, புத்தர் கோயில்ல, பிரித் மந்திரம் ஓதி தண்ணி குடுக்குறாங்க. எங்கட அம்மாக்கும் இந்த வருத்தம்தான், விழுங்க ஏலாது. நான் மா போட்டுத்தான் அந்தத் தண்ணியக் குடுக்குறது."

"புத்தர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவர் கோவிக்க மாட்டார். அம்மா இருமினா எனக்குத்தான் கோவம் வாறது."

மகளிடமும் அன்று உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

என் மனைவி பிழைத்து வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை தீர்த்தத்தில் கஞ்சியைக் கலந்தேன்.  தலையைத் தாழ்த்தி அவள் அதை வாங்கினாள். கோயிலில் நாங்கள் கும்பிடும்போது தலை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. இதில் என்ன குறை கண்டேன் முன்பு?

"முருகனுக்கே இன்னைக்குக் கஞ்சிதான்" என்றாள் விழுங்கி முடித்து. குரல் தெளிவாக இருந்தது.

அதன் பிறகு ஐந்து மாதங்கள் பயிற்சியிலேயே கழிந்தன. நாக்கை மேலண்ணத்தில் அழுத்த வேண்டும். வாயில் ஒன்றுமில்லாமலே பலங்கொண்டு விழுங்க வேண்டும். அவள் விழுங்கும்போது என் இரு விரல்களை அவள் குரல்வளை மீது இலேசாக வைத்திருப்பேன். அது எழுந்து இறங்குவதை விரல் உணர வேண்டும். நஞ்சுண்டவன் மிடற்றைப் பற்றிய அம்மையின் கையை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அவளுக்கு அந்த நினைப்பெல்லாம் இல்லை.

"நாப்பது வருஷமா கழுத்துல ஒங்க தாலி தொங்குச்சு. இப்ப வெரலும் வந்து ஒக்காந்துக்கிச்சு."

"பேசாம விழுங்கு புள்ள."

"எச்சியத்தான் விழுங்குறேன். சாயத்தண்ணியா குடுத்தீங்க?"

தைப்பூசத்துக்கு முதல் நாள் மிஸ் மீண்டும் சோதித்தார். நெடுநேரம் கழுத்தில் விரல் வைத்திருந்தார். "ஒரு நாளைக்கு அஞ்சு சின்னக் கரண்டி. மா இல்லாம. வாய நல்லாத் தேய்ச்ச பிறகு. இருமினா நிப்பாட்டணும். அஞ்சுக்கு மேல வேணாம் ஐயா" என்றார். ஒரு நாளைக்கு ஐந்து என்பதை இரண்டு முறை என்னைச் சொல்ல வைத்து, அதன் பிறகே அனுப்பினார்.

பூசத்தன்று காலை மகள் அவளுக்குப் பல் துலக்கிவிட்டாள். நான் அடுப்பில் நீரைக் கொதிக்க வைத்துத் தூளைப் போட்டு, சிவந்ததும் இறக்கி, சீனி கலந்து, சூடு தணிய வைத்தேன். அவள் நேராக அமர்ந்து, கேட்காமலே தாடையைத் தாழ்த்திக்கொண்டாள். முதல் கரண்டி. என் விரலின் கீழ் அந்தத் தொண்டை எழுந்து இறங்கியது. "சிவ" என்றாள். தெளிவு. இரண்டாவது. மூன்றாவது. மகள் வாசற்படியில் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். ஐந்தாவதும் இறங்கியது. "சிவ." மணி ஓசை போன்ற குரல். கோயிலில் எனக்குச் சொல் எடுத்துக் கொடுத்த அதே குரல்.

அவள் உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சாயம் பத்தலைங்க. இத்தன வருஷம் ஸ்டோர்ல என்னத்தப் பாத்தீங்க?" என்றாள்.

மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோப்பையையே பார்த்தாள். பாதிக்கு மேல் மிஞ்சி இருந்தது.

"இன்னொரு கரண்டி."

"மிஸ் அஞ்சுதான்னாங்க."

"ஒண்ணே ஒண்ணு. சாமி நாளு."

கரண்டி என் கையில் இருந்தது. விதியை மீறித் தீர்த்தத்தை மூன்று முறை வார்த்த கை அது. "வேணாம் புள்ள" என்றேன். அவள் கையை நீட்டி, கோப்பையின் வெளிப்புறத்தைத் தொட்டு, அதன் சூட்டை மட்டும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

அதன் பின் ஒன்றரை ஆண்டு இருந்தாள். நாள் தவறாமல் ஐந்து கரண்டி. நெஞ்சில் நீர் புகவில்லை. மூக்கில் குழாய் ஏறவில்லை. இதயம் நின்றுதான் போனாள். தொண்டை கடைசிவரை அவளை ஏமாற்றவில்லை. நான் செய்தது சரி என்று மிஸ் சொன்னார், மகள் சொன்னாள். எனக்கும் தெரியும். ஆயினும் ஒவ்வொரு மாலையும் சாயத்தண்ணி ஆற்றும்போது, அந்த ஆறாவது கரண்டி என் கையிலேயே இருக்கிறது. வைப்பதற்கு இடம் தெரியவில்லை.

இந்நாட்களில் எனக்கும் எப்போதாவது புரையேறுகிறது. "தலையக் குனிங்கப்பா" என்று மகள் ஓடி வருகிறாள். குனிகிறேன். யாரோ நினைக்கிறார்கள் என்று லயத்தில் சொல்வதை மிஸ் நம்பமாட்டார். நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. இதை வாசிக்கும் நீங்கள் யாவரும் நலமாக இருங்கள். நீங்கள் அருந்தும் ஒவ்வொரு மிடறும் தன் வழி அறிந்து இறங்குக. உங்கள் வீட்டு முதியோர் குரல் தெளிந்திருக்க, அதைக் கேட்கும் செவியை நீலகண்டன் உங்களுக்கு அருள்க.